ஒன்றேகால் மணி தூரம்

சென்னையிலிருந்து காரியாபட்டி எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், பல வருஷங்களாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்: "ஒன்றேகால் மணி நேரம்." தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வது எல்லோருக்கும் பழகிப்போன காரியம். அதில் பிசகு ஒன்றும் இல்லை. நம் முன்னோர்களும் நாழிகைவழி என்று சொன்னவர்கள்தானே? ஆனால் என் பதிலில் ஒரு பொய் இருந்தது. அது பொய் என்று எனக்கு உறைக்க, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வரவேண்டியிருந்தது.

காரியாபட்டியை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகிற சாலையில், மதுரைக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இப்போது விருதுநகர் மாவட்டம். 1985க்கு முன்னால் ராமநாதபுரம் ஜில்லா. ரயில் கிடையாது. மானாவாரிக் காடும், கண்மாயும், சந்தையும், பஸ் நிலையமும்தான் ஊர். மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் பலருக்கும் சிவகாசிப் பட்டாசுதான் ஞாபகத்துக்கு வரும். காரியாபட்டிக்காரர்களுக்குச் சிவகாசியைவிட மதுரையே கிட்டம். இதிலே ஒரு விசேஷம் உண்டு. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, காரியாபட்டிச் சாலையின் பக்கமாகவே அமைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ உபயோகத்துக்காக ஏற்பட்ட ஓடுபாதை அது. 2010ல் புதுக் கட்டடம் திறந்தார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் வருகிற காரியாபட்டிக்காரன் மதுரைக்குள் நுழையவே வேண்டாம். வெளியே வந்து தெற்கே திரும்பினால் அரை மணியில் வீடு. மீனாட்சி கோயிலுக்குப் போகிறவன் நெரிசலில் திணறிக்கொண்டிருக்கும்போது இவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

இந்தச் சௌகரியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. காரியாபட்டியில் என் அக்கா இருக்கிறாள். அத்தான் இருந்தார். வருஷக்கணக்காக டெலிபோனில் நான் அவர்களிடம் சொல்லி வந்த வாக்கியம் இது: "ஒன்றேகால் மணி நேரம்தானே அக்கா, ஒரு அவசரம் என்றால் வந்து நிற்க மாட்டேனா?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதை நான் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டும்.

சென்னைக்கும் மதுரைக்கும் சாலை வழியே சுமார் 460 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து ரயில் பாதை சற்று வளைந்து 493 கிலோமீட்டர். காகம் பறக்கிற நேர்கோட்டில் போனால் 420 கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆகாய விமானம் இதை ஒன்றேகால் மணியில் தாண்டிவிடுகிறது. டிக்கெட்டில் அச்சாகியிருப்பதும் அதுதான். ஆனால் நான் மீனம்பாக்கத்தில் குடியிருக்கவில்லை. மேற்கு மாம்பலத்திலிருந்து விமான நிலையம் போக முக்கால் மணி. இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். இடுப்பு வாரை அவிழ்த்து, சட்டைப்பையைக் காலி செய்து, வரிசையில் நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்று, ஏறி, பறந்து, இறங்கி, பெட்டிக்காகக் காத்திருந்து, வாடகைக் கார் பிடித்து, காரியாபட்டி போய்ச் சேர்ந்தால் முழுசாக ஐந்து மணி நேரம். சாலை வழி 490 கிலோமீட்டரை ஐந்தால் வகுத்தால் 98. அதாவது, அத்தனை சீறிக்கொண்டு மேகத்துக்கு மேலே போகிற விமானம் என்னை மணிக்கு 98 கிலோமீட்டர் வேகத்தில் அக்கா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நான்குவழிச் சாலையில் ஒரு நிதானமான டிரைவர் இடையில் காப்பிக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்தி எட்டு மணியில் சேர்க்கிறான். வித்தியாசம் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் நான் ஒன்றேகால் மணி என்ற பெயரில் இத்தனை காலமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. மருமகன் பேசினான். "மாமா, அப்பா போயிட்டாக." தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

நான் உடனே விமானத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னேன். காலை விமானத்தில் இடம் இல்லை. பதினொரு மணி விமானத்தில் கிடைத்தது. "ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன், காத்திருங்கள்" என்று தகவல் சொன்னேன். பதினொரு மணி விமானம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியது. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்கிற நிலையில் இல்லை. மதுரையில் இறங்கி, கார் பிடித்து, எலியார்பத்தி சுங்கச்சாவடியைத் தாண்டி, அக்கா வீட்டுத் தெருவில் நுழைந்தபோது மணி இரண்டு நாற்பது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் எடுத்தாக வேண்டும். பெண்கள் நீர்மாலை எடுத்து வந்து வெகு நேரமாகியிருந்தது. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து பந்தல் காலில் சாய்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் கேதத்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிணம் எடுக்கிற வரைக்கும் தெருவில் அடுப்புப் பற்றவைக்கிற வழக்கம் இல்லை. அத்தானைக் கண்ணாடி மூடிய குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டி வந்த பிறகுதான் இறந்தவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மருமகன் செல்போனை என்னிடம் காட்டினான். நான் வந்த விமானம் ஒரு சின்ன மஞ்சள் பூச்சியைப் போல வரைபடத்தில் ஊர்ந்து வந்ததை அவன் பெரியவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "திருச்சி தாண்டிட்டாக. இந்தா, எறங்குறாக." அவ்வளவு பேரும் அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கண்ணாடியை எடுத்தார்கள், முகம் பார்த்தேன், மாலை போட்டேன், தூக்கினார்கள். நான் அழவில்லை. அழுகை வரவில்லை. விமானத்தில் கொடுத்த தேநீரின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது. நான் வந்து சேர்ந்துவிட்டேன். துக்கம் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது.

பிற்பாடு யோசித்தபோது இன்னொன்று தெரிந்தது. டெலிபோன் வந்த நாலரை மணிக்கு, ஒரு துணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழும்பூருக்குப் போயிருந்தால், ஆறு மணிக்கு தேஜஸ் ரயில். 2019 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. ஆறரை மணி நேரத்துக்குள் மதுரை. ஒன்றரை மணிக்குக் காரியாபட்டி. ஐந்து மணிக்குக் காரில் ஏறியிருந்தால் ஒரு மணிக்கே போயிருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் 'ஒன்றேகால் மணி' என்று சொல்லிச் சொல்லி, காரியாபட்டிக்கு வேறு வழி உண்டு என்பதையே மறந்துவிட்டேன்.

இங்கே என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1961ல் எனக்கு எட்டு வயசு. அப்பா சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்திச் சேவகனைக் கண்டாலே தெருவே கலங்கும். 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள், இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் கலக்கம் புரியாது. தாத்தா இறந்துவிட்டார் என்று தந்தி. அப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பூருக்கு வந்தார். மீட்டர் கேஜ் ரயில், கரி எஞ்சின். இரவு முழுவதும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் விழித்த போதெல்லாம் அவர் விழித்தே இருந்தார். விழுப்புரத்தில் எனக்குப் பால் வாங்கிக் கொடுத்தார். திருச்சியில் இறங்கிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டார். திண்டுக்கல்லுக்கு அப்புறம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தாத்தா அவரை அடித்த கதை ஒன்றை எனக்குச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். மதுரையில் பஸ் மாறி, இருபுறமும் புளியமரங்கள் நின்ற சாலையில் ஆடி ஆடிக் காரியாபட்டி போய்ச் சேர்ந்தபோது மறுநாள் உச்சிவேளை.

தாத்தாவை முதல் நாளே எரித்துவிட்டிருந்தார்கள். யாரும் காத்திருக்கவில்லை. காத்திருக்க முடியாது என்பது அப்பாவுக்கும் தெரியும். தெரு முனையில் கால் வைத்ததும் அவர் வாய்விட்டு அழுதார். நான் அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி அழுது பார்த்ததில்லை. முதல் நாள் அழுது ஓய்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து அவரோடு மறுபடியும் அழுதார்கள். ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது மணி நேரப் பிரயாணம். அந்த இருபது மணி நேரமும் அவருடைய துக்கமாகவே எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதினாறு நாளும் இருந்துவிட்டுத்தான் திரும்பினோம். எனக்குப் பள்ளிக்கூடம் போயிற்று.

அப்பா எடுத்துக்கொண்டது இருபது மணி. டெலிபோன் வந்ததிலிருந்து நான் எடுத்துக்கொண்டது பத்து மணி பத்து நிமிஷம். அறுபது வருஷத்து விஞ்ஞானம் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது பாதி வழி. ஆனால் அவரை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை, என்னை எதிர்பார்த்து ஒரு தெருவே பசியோடு உட்கார்ந்திருந்தது. அவருக்காக இறந்தவரை நிறுத்தி வைக்கவில்லை, எனக்காக நிறுத்தி வைத்தார்கள். நான் மிச்சம் பிடித்த மணிகளை யார் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், அந்தப் பந்தலில் இருந்தவர்கள்தான் தலைக்குக் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வேகத்தை நான் குறை சொல்லப் புறப்படவில்லை. இந்த நாட்டில் விமானம் முதலில் சுமந்தது கடிதங்களைத்தான். 1932 அக்டோபர் 15ல் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஒரு கடிதம் சில நாள் முன்னதாகக் கைக்கு வந்ததால் எத்தனையோ மனம் ஆறியிருக்கும். இப்போது அந்த நான்குவழிச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். புளியமரங்கள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நடு இரவில் காரியாபட்டியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், அந்தச் சாலையில்தான் 108 வண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறது. அந்த வண்டிக்குள் கிடப்பவனிடம் போய்ப் பழைய கால நிதானத்தைப் பற்றி நான் பேசினால் அவன் என்னைக் காறித் துப்பலாம்.

எங்கள் மாவட்டத்துக்கே தூரத்தைப் பற்றி ஒரு தனி ஞானம் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆலை ஒரே கட்டடமாக இராது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று இத்தனை இடைவெளி விட்டுத்தான் கட்டவேண்டும் என்பது சட்டம். ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்த அறையில் இருப்பவளைக் காப்பாற்றுவது அந்த வெற்றுத் தரைதான். அந்த இடைவெளியைச் சுருக்கிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதைப் பத்திரிகை படிக்கிற யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஒரு விபத்து நேர்ந்த பிறகோ, ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம் ஒவ்வொரு கிலோமீட்டரும் சத்துரு. ஒரே நாளில் தூரம் காப்பதும் கொல்வதுமாக இரண்டு வேஷம் போடுகிற ஊர்கள் அவை.

ஆகவே என் கேள்வி வேகம் நல்லதா கெட்டதா என்பது அல்ல. அக்கா வீட்டுக்கு ஒன்றேகால் மணி தூரத்தில் இருந்த நான், அந்த ஒன்றேகால் மணியை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்?

அப்பா வருஷந்தவறாமல் மாசிக் களரிக்கு ஊருக்குப் போவார். குலதெய்வம் கும்பிடுகிற நாள். தவற விட முடியாது. தை பிறந்ததுமே வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும். லீவுக்கு எழுதிப் போடுவார். ரயில் செலவுக்கு ஒரு தகர டப்பாவில் பணம் சேரும். அக்கா பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போவது என்று அம்மா கணக்குப் போடுவாள். இருபது மணி நேரம் என்பது பெரிய தூரம். பெரிய தூரமாக இருந்ததால் அதற்கு ஒரு தேதி வேண்டியிருந்தது. தேதி குறித்ததால் போய் வந்தார்.

எனக்குத் தேதி வேண்டியிருக்கவில்லை. நினைத்தால் போகலாமே! அத்தான் இறப்பதற்கு முன்னால் நான் காரியாபட்டி போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷத்தில் டில்லிக்குப் போனேன், கொழும்புக்குப் போனேன், ஒரு தடவை லண்டனுக்கும் போனேன். இவையெல்லாம் தூரம், ஏற்பாடு செய்து போனேன். காரியாபட்டி பக்கத்தில் இருந்தது. அடுத்த வாரம் போகலாம், மழை விடட்டும், நாவல் முடியட்டும் என்று இருந்தேன். நாவலும் முடிந்தது, அடுத்த நாவல் ஆரம்பமாயிற்று.

பழைய தமிழில் தூரத்துக்குக் காதம் என்று ஓர் அளவு உண்டு, ஏறத்தாழப் பத்து மைல். அதைவிட எனக்குப் பிடித்தது கூப்பிடு தூரம். ஒருவன் கூப்பிட்டால் இன்னொருவன் காதில் விழுகிற தூரம். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: கல் நட்டு அளக்கிற சங்கதி இல்லை இது. கூப்பிட ஒருவர், கேட்க ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் இந்த அளவே இல்லை. டெலிபோன் வந்த பிறகு சென்னையும் காரியாபட்டியும் கூப்பிடு தூரம் ஆகிவிட்டன. அத்தான் அடிக்கடி கூப்பிடுவார். "என்ன மாப்ளே, எப்ப வர்றீக?" என்பார். வருகிறேன் என்பேன். காதில் விழுந்தது என்பதற்கு அது பதில்.

காரியாபட்டிக்கு அடுத்த தாலுகா திருச்சுழி. அங்கே 1879 டிசம்பரில் ஒரு குழந்தை பிறந்தது. வேங்கடராமன் என்று பெயர். பின்னாளில் ரமண மகரிஷி. அவருடைய பிரயாணம் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்; இந்த இரண்டு வருஷமாக அது என்னைக் கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது. தகப்பனார் போன பிறகு பையன் மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்து படித்தான். 1895ல் ஒரு நாள் தெரிந்த பெரியவர் ஒருவரை எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார். பையனுக்கு ஆச்சரியம். அருணாசலம் என்பதை ஏதோ எட்டாத ஒன்றாக நினைத்திருந்தவனுக்கு, அது போய் வரக்கூடிய ஓர் ஊர், திருவண்ணாமலைதான் அது என்று தெரிந்தது.

1896 ஆகஸ்டு 29ந் தேதி அவன் கிளம்பினான். அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். கையில் இருந்த பழைய தேசப்படத்தில் திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று இருந்தது. அப்படியே டிக்கெட் வாங்கினான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போட்டாயிற்று என்பது ஏறின பிறகுதான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கினான், இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை போனான், அங்கிருந்து அரகண்டநல்லூருக்கு நடந்தான், கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் முதல் தேதி காலை போய்ச் சேர்ந்தான். இன்றைக்கு மதுரையிலிருந்து காரில் ஆறு மணி நேரப் பிரயாணம். அவனுக்குப் பிடித்தது மூன்று நாள். தப்பான படம், தப்பான டிக்கெட், போதாத பணம். எனக்குப் படமும் சரி, டிக்கெட்டும் சரி, பணமும் உண்டு.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிட்டால் சௌகரியமாக இருக்கும். ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பையன் போனவன் போனவன்தான், திரும்பி வரவில்லை. மானாமதுரையில் இருந்த தாயார் அழகம்மாள் 1898ல் மூத்த மகனை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனாள், கூப்பிட்டாள், வெறுங்கையோடு திரும்பினாள். அதற்குப் பிறகும் போனாள். 1916ல் அங்கேயே தங்கிவிட்டாள். 1922ல் மகன் மடியருகே கண்ணை மூடினாள். மகான் நடந்த தூரத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் கிழவி எத்தனை தடவை ரயில் ஏறி இறங்கினாள் என்பதைக் கூட்டிப் பார்த்தால் அவள் கணக்கு அதிகம். நான் மகானும் அல்ல, துறவியும் அல்ல. துறவி வராமல் இருந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்தது. நான் வராமல் இருந்ததற்கு வெறும் சோம்பல்தான்.

என் அக்காவும் சென்னைக்கு இந்த நாலு வருஷத்தில் இரண்டு தடவை வந்தாள். பஸ்ஸில் வந்தாள். 2023 கடைசியில் தென்மாவட்டத்து பஸ் நிலையத்தைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு ஒரு தடவை. அங்கே இறங்கி மேற்கு மாம்பலம் வந்து சேரவே அவளுக்கு ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேட்டேன். "ராத்திரி ஏறுனேன், விடிஞ்சுருச்சு" என்றாள். அவள் ஒரு நாளும் மணிக்கணக்குச் சொன்னதில்லை.

அத்தான் காரியம் முடிந்த அன்று இரவு நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே வானத்தில் ஒரு விளக்கு தாழ்ந்து வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, வெகு சாதாரணமாக, சாப்பாட்டுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஒங்க அத்தான் கடேசி ரெண்டு வருசமா சாயங்காலமானா இங்கதான் தம்பி நாற்காலியப் போட்டு ஒக்காந்துருப்பாக. ப்ளேன் எறங்குறதப் பாப்பாக. 'இதுல ஒந்தம்பி வந்தாலும் வருவாரு, அரிசி கொஞ்சம் கூடப் போடு'ம்பாக. வேடிக்கைக்குச் சொல்றதுதான்."

"நீ அரிசி கூடப் போட்டாயா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"போடாம? மிஞ்சுனா காலைல பழையதுக்கு ஆகும்ல" என்றாள்.

விளக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பத்து நாளைக்கு முன்னால் தவறிப்போய்ப் பின்தங்கிவிட்ட என் துக்கம் அப்போதுதான் காரியாபட்டிக்கு வந்து சேர்ந்தது. அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் தாமதம் என்று அவளும் கேட்கவில்லை.

இப்போது வருஷத்துக்கு மூன்று தடவை போகிறேன். பஸ்ஸிலோ ரயிலிலோ, கிடைத்ததில். விமானத்தை விட்டுவிட்டேன் என்று நான் விரதம் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் மலிவாக இருந்தால் அதிலும் ஏறுகிறேன். போகிற தேதியை மட்டும் முன்கூட்டியே காலண்டரில் எழுதிவைத்துவிடுகிறேன், அப்பாவைப் போல. சென்ற மாசி மாதம் இரவு பஸ்ஸில் கிளம்பி, மாட்டுத்தாவணியில் இறங்கி, அருப்புக்கோட்டை பஸ் பிடித்து விடியற்காலையில் போய் நின்றேன். அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ப்ளேன்லயா வந்த?"

"இல்லைக்கா, பஸ்."

"அப்ப ராத்திரியெல்லாம் தூங்கிருக்க மாட்ட. வெந்நி போடுறேன், குளிச்சுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு, பாதி தெளித்த வாசலை அப்படியே விட்டு உள்ளே போனாள்.